மழை இல்லாத நாளில் பவானி ஏறுவது ஏன்?

பங்குனி வெயில். மேட்டுப்பாளையம் பக்கம், தேக்கம்பட்டி வனபத்ரகாளியம்மன் கோயிலில் கிடா வெட்டிப் பொங்கல் வைத்த குடும்பம் ஒன்று, பவானி ஆற்றின் நடுப்பாறையில் சாப்பாட்டை விரித்திருந்தது. கரையிலிருந்து பாறைக்குப் போகும் வழியில் கணுக்கால் அளவுதான் தண்ணீர். பெரியவரிடம் போய், கரைக்கு வந்துவிடுங்கள் என்றேன். “ஏனுங்க, மழையே இல்லைங்களே, வெள்ளம் எங்கிருந்து வரும்?” என்றார்.

நீலகிரிச் சரிவில் உள்ள நீர்மின் நிலையங்களில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். இந்தக் கேள்வியை எத்தனை பேர் கேட்டிருப்பார்கள் என்று எண்ணிப் பார்த்ததில்லை.

அணை என்றாலே மதகு, மதகு என்றாலே மழைக்காலம் என்று நினைத்துக்கொள்கிறோம். இந்த ஆற்றின் மேல்பக்கம் மலையில் இருக்கிறது பில்லூர் அணை. அதன் கொள்ளளவு உயரம் 100 அடி. நீர்மட்டம் 97 அடியைத் தொட்டால் மதகைத் திறப்பார்கள். அன்றைக்கு எச்சரிக்கை கொடுப்பார்கள், செய்தியும் வரும். ஆனால் அணைக்கு இன்னொரு வாசல் உண்டு. அது மின் நிலையம். அங்கே தலா 50 மெகாவாட் மிஷின்கள் இரண்டு இருக்கின்றன. இரண்டும் முழு வேகத்தில் ஓடினால் நொடிக்கு ஏறத்தாழ 6,000 கன அடி தண்ணீர் ஆற்றில் விழும். லிட்டர் கணக்கில் சொன்னால் 1,70,000. பன்னிரண்டாயிரம் லிட்டர் டேங்கர் லாரிகள் பதினான்கை ஒவ்வொரு நொடியும் கவிழ்த்துக்கொண்டே இருப்பதுபோல.

இது மழையைக் கேட்டு வருவதில்லை. அவலாஞ்சி, எமரால்டு ஏரிகளில் பருவமழையில் பிடித்துவைத்த தண்ணீர்தான் குந்தா, கெத்தை, பரளி என்று மின் நிலையம் மின் நிலையமாகச் சுழன்று பில்லூருக்கு இறங்குகிறது. (கரண்ட் எடுத்த தண்ணீரில் சத்து இருக்குமா என்று ஒரு விவசாயி என்னிடம் கேட்டதுண்டு. தாராளமாக இருக்கும், நாங்கள் எடுப்பது அது விழும் வேகத்தை மட்டும்தான்.) மின்தேவை எகிறும் காலையிலும் மாலையிலும் சென்னையிலிருந்து உத்தரவு வரும். சில நிமிடங்களில் மிஷின் முழுப் பளுவுக்கு வந்துவிடும். அனல் மின் நிலையத்தால் அப்படி முடியாது. அதனால்தான் அவசரத்துக்கு எங்களைக் கூப்பிடுகிறார்கள். தேவை குறைந்தால் மிஷின் நிற்கும், ஆறும் வற்றும். மேட்டுப்பாளையத்தில் நீங்கள் பார்க்கும் காய்ந்த மணல், மிஷின் ஓடாத நேரத்து மணல்.

திறந்த தண்ணீர் உடனே வந்து சேராது. மலையிலிருந்து இறங்கி வர மணிக்கணக்காகும். காலையில் ஓட்டிய மிஷினின் தண்ணீர், நீங்கள் இலை போட்டு உட்காரும் நேரத்தில் வரலாம். இரைச்சலோடு வரும், கலங்கலாக வரும், சருகைத் தள்ளிக்கொண்டு வரும் என்று காத்திருக்காதீர்கள். பல நாள் சத்தமே இல்லாமல்தான் ஏறும். நடுவில் இருக்கும் பாறை கடைசியில்தான் நனையும். கரைக்கும் பாறைக்கும் நடுவே உள்ள பள்ளம் முதலில் நிறையும். பாறையில் உட்கார்ந்தவருக்கு எல்லாம் சரியாக இருப்பதாகவே தோன்றும். திரும்ப இறங்கும்போதுதான் வழி போனது தெரியும். மணல் அள்ளிய பழைய குழிகள் வேறு அடியில் இருக்கும். நீச்சல் தெரிந்தவர்களும் அங்கேதான் சிக்குகிறார்கள்.

கரையோரம் ஓர் எச்சரிக்கைப் பலகை இருந்தது. ‘ஆழமான பகுதி’ என்று மட்டும் எழுதியிருந்தது, அதுவும் பாதி அழிந்து. கணுக்கால் தண்ணீரைப் பார்ப்பவன் அதை எப்படி நம்புவான்? ‘மழை இல்லாவிட்டாலும் எந்த நேரமும் தண்ணீர் ஏறும்’ என்று எழுதியிருந்தால் நான்கு பேராவது நின்று யோசிப்பார்கள்.

பெரியவரிடம் விவாதம் செய்யவில்லை. ஒரு வேப்பங்குச்சியை ஒடித்து, தண்ணீர் விளிம்பிலேயே மணலில் ஊன்றினேன். “இதை மட்டும் பார்த்துக்கொண்டிருங்கள்” என்றேன். ஆற்றுக்குப் போகும்போதெல்லாம் நான் செய்வது இதுதான். விளிம்பு குச்சியைத் தாண்டினால் செருப்பைக்கூடத் தேடாமல் கரையேற வேண்டும்.

அவர் அரை மனதோடு பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் குச்சியைச் சுற்றி மணல் கறுத்தது. பிறகு குச்சி தண்ணீருக்குள் நின்றது. “ஆத்தா, பிள்ளைகளைத் தூக்கு” என்று மருமகளைப் பார்த்துக் கத்தினார். கடைசியாக வந்த பையனுக்குத் தண்ணீர் இடுப்புக்கு வந்திருந்தது. குழம்புச் சட்டியை எடுக்க அவன் திரும்பப் பார்த்தான். பெரியவர் அவன் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார். சட்டி பாறைமேலேயே இருந்தது.