அலமாரி நிறைய நிறைய என்ன நடக்கிறது?

போன மாதம் ஒரு ராத்திரி குளியலறை பல்பு போய்விட்டது. புது பல்பு வீட்டில் இருந்தது. எங்கே? பரணில், சுவரை ஒட்டி, ஒரு ஷூ டப்பாவுக்குள். ஸ்டூலைப் போட்டு ஏறி, முன்னால் நின்றவற்றை ஒவ்வொன்றாக இறக்கினேன். டேபிள் ஃபேன், இரண்டு சூட்கேஸ், சுருட்டி வைத்த மெத்தை, எதற்கென்றே தெரியாத காலி அட்டைப்பெட்டிகள் என்று மொத்தம் பதினொன்று. பல்பு மாட்ட ஒரு நிமிஷம் ஆனது. இறக்கியதை எல்லாம் திரும்ப ஏற்ற இருபது நிமிஷம். அதிலும் கடைசி அட்டைப்பெட்டி உள்ளே போகவே மாட்டேன் என்றது. அரைமணி முன்பு அதே பரணில்தான் இருந்தது!

பரண் சுருங்கவில்லை, பொருட்களும் பெருக்கவில்லை. மாறியது வரிசை மட்டும்தான். ‘இடம் போதவில்லை’ என்று நாம் புலம்பும்போது உண்மையில் இரண்டு கணக்குகளைக் கலந்து பேசுகிறோம். எவ்வளவு கொள்ளும் என்பது ஒன்று. வேண்டியதை எடுக்க எத்தனை பொருளைப் புரட்ட வேண்டும் என்பது இன்னொன்று. முதலாவதை இழுத்துப் பிடித்தால் பெரும்பாலும் இரண்டாவது கெடும்.

முதலில் கொள்ளும் கணக்கு. வட்ட டப்பாக்களை நேர் வரிசையில் அடுக்கினால் தட்டின் பரப்பில் 78.5 சதவீதம்தான் பயன்படும். மீதி நான்கு டப்பாக்கள் சந்திக்கும் இடுக்குகளில் போய்விடும். தேன்கூடு மாதிரி ஒரு வரிசை விலகி அடுத்த வரிசை அமைந்தால் 90.7 சதவீதம் வரை போகலாம். ஆனால் அது பெரிய பரப்புக்கான கணக்கு. நம் வீட்டுத் தட்டில் ஓரங்களில் அரை டப்பா இடம் காலியாக நின்று, கிடைத்த லாபத்தைத் தின்றுவிடும். சதுர டப்பாவுக்கு இந்தத் தொல்லையே இல்லை. உருண்டைகள் என்றால் நிலைமை இன்னும் மோசம். எவ்வளவு சாமர்த்தியமாக அடுக்கினாலும் 74 சதவீதத்தைச் சற்றே தாண்டலாம், அவ்வளவுதான் என்று 1611இல் வானியல் அறிஞர் கெப்ளர் ஊகித்தார். கணித அறிஞர் தாமஸ் ஹேல்ஸ் அதற்கு நிரூபணம் அறிவித்தது 1998இல்தான். பந்துகளைக் கூடையில் கொட்டிக் குலுக்கினால் சுமார் 64 சதவீதத்தில் நின்றுவிடும். குழந்தைகளின் விளையாட்டுச் சாமான் கூடை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெறும் காற்று என்பதற்கு இது ஒரு காரணம்.

சரி, எதை முதலில் வைப்பது? என் கடைசி அட்டைப்பெட்டிக்கு நேர்ந்த கதி இங்கேதான் புரிகிறது. 10 லிட்டர் கொள்ளும் பெட்டிகள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். 4 லிட்டர் இடம் அடைக்கும் பொருள் மூன்று, 6 லிட்டர் அடைக்கும் பொருள் மூன்று. சின்னதிலிருந்து தொடங்கினால் முதல் பெட்டிக்குள் இரண்டு 4 போய் உட்கார்ந்துகொள்ளும். மூன்றாவது 4, ஒரு 6 உடன் இரண்டாவது பெட்டிக்குப் போகும். மிச்சமுள்ள இரண்டு 6க்கும் ஆளுக்கொரு பெட்டி. ஆக நான்கு பெட்டி. பெரியதிலிருந்து தொடங்கினால் ஒவ்வொரு 6க்கும் பக்கத்தில் ஒரு 4 வந்து அமர்ந்து மூன்றே பெட்டியில் வேலை முடியும். மிகச் சிறந்த அடுக்கு எது என்று கண்டுபிடிப்பது, பொருட்கள் கூடக் கூட கணினிகளையே திணறடிக்கும் கணக்கு. ஆனால் பெரியதை முதலில் வைத்து, அடுத்தடுத்ததை முதலில் கண்ட இடத்தில் செருகும் இந்தச் சாதாரண வழி, பொருட்கள் நிறைய இருக்கும்போது சிறந்த விடையைவிட ஏறக்குறைய 22 சதவீதத்துக்கு மேல் மோசமாகாது என்று கணினி அறிவியலாளர் டேவிட் ஜான்சன் 1973இல் நிரூபித்தார். நானோ அன்றைக்குக் கைக்குக் கிடைத்த சின்னச் சின்ன டப்பாக்களை முதலில் ஏற்றிவிட்டு, பெரியதைக் கடைசியில் கையில் வைத்துக்கொண்டு ஸ்டூல் மேல் நின்றிருந்தேன்.

இனி எடுக்கும் கணக்கு. எனக்கு இதுதான் சுவாரசியமான பகுதி.

60 சென்டிமீட்டர் ஆழமுள்ள தட்டு ஒன்று. 12 சென்டிமீட்டர் அகலமான டப்பாக்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஐந்து நிற்கும். முன்னால் நிற்பதை எடுக்க எதையும் நகர்த்த வேண்டாம். கடைசியில் நிற்பதை எடுக்க நான்கை நகர்த்த வேண்டும். சராசரியாக இரண்டு. தட்டின் ஆழம் 30 சென்டிமீட்டராக இருந்தால் இரண்டு டப்பாதான் நிற்கும், சராசரி நகர்த்தல் வெறும் அரை. அதாவது ஆழமான தட்டில் பொருள் இரண்டரை மடங்கு கொள்கிறது, புரட்டும் வேலையோ நான்கு மடங்கு ஆகிறது. நகர்த்தியதைத் திரும்ப வைக்கும் வேலை தனி. ‘ஆழமான அலமாரிதான் நல்ல அலமாரி’ என்று தச்சர் சொன்னால் கொஞ்சம் யோசியுங்கள்.

மடித்து ஒன்றின்மேல் ஒன்றாக வைத்த சட்டைகளும் இதே கதைதான். பத்துச் சட்டை அடுக்கில் ஏதோ ஒன்றை உருவச் சராசரியாக நாலரைச் சட்டையைத் தூக்க வேண்டும். தூக்காமல் உருவினால் அடுக்கே சரியும். அந்த அடுக்கை அப்படியே பக்கவாட்டில் சாய்த்து, புத்தகங்கள் நிற்பதுபோல் நிறுத்திப் பாருங்கள். அதே பத்துச் சட்டை, அதே கன அளவு, ஆனால் எதை எடுக்கவும் வேறு எதையும் தூக்க வேண்டாம். கூடுதலாகத் தேவைப்படுவது பக்கத்தில் சாய்ந்துகொள்ள ஒரு சுவர், அவ்வளவுதான். ஷூ டப்பாவின் அடிப்பாகம் போதும். சாப்பாட்டுத் தட்டு, மூடி, ஃபைல் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

இழுப்பறையும் இதே வேலையைத்தான் செய்கிறது. பின்னால் இருப்பவற்றை எல்லாம் ஒரே இழுப்பில் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து, மேலிருந்து பார்க்கும்படி வைக்கிறது. அதற்கு விலையாக, இழுக்கும் நேரத்துக்கு அறையில் அதே ஆழத்துக்குக் காலி இடம் கேட்கிறது. கதவும் அப்படியே இடத்தைக் கடன் வாங்கும் சாதனம்தான். 60 சென்டிமீட்டர் அகலமான ஒற்றைக் கதவு திறக்கும்போது தரையில் கால் வட்டம் போடும், அது 0.28 சதுர மீட்டர். அதே வாசலுக்கு 30 சென்டிமீட்டரில் இரட்டைக் கதவு வைத்தால் இரண்டும் சேர்ந்து 0.14தான். நகர்த்தும் கதவு எதுவும் கேட்காது, ஆனால் ஒரு நேரத்தில் பாதி அலமாரியைத்தான் காட்டும். பெரிய நூலகங்களில் தண்டவாளத்தில் ஓடும் அடுக்குகளைப் பார்த்திருப்பீர்கள். பத்து அடுக்குகளுக்குச் சேர்த்து ஒரே ஒரு நடைபாதை, வேண்டிய இடத்தில் திறந்துகொள்ளும். சின்ன வீட்டில் சக்கரம் வைத்த ஒரு ஒல்லி ரேக் செய்வதும் இதையேதான்.

அப்படியானால் எவ்வளவு வரை நிரப்பலாம்? கணினி நினைவகத்தில் தகவல்களை வைக்கும் முறை ஒன்று இதற்கு நல்ல உவமை. ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம் குறித்திருக்கும். அந்த இடத்தில் வேறொன்று உட்கார்ந்திருந்தால் அடுத்த இடம், அதுவும் இல்லையென்றால் அதற்கடுத்தது என்று போய்க்கொண்டே இருக்க வேண்டும். அவசரத்தில் நாம் சாமான் வைக்கும் விதமும் கிட்டத்தட்ட அதுவே. இதற்கான கணக்கைக் கணினி அறிவியலாளர் டொனால்ட் கனூத் 1963இல் போட்டார். பாதி நிறைந்திருக்கும்போது புதியதை வைக்கச் சராசரியாக இரண்டரை இடங்களைப் பார்த்தால் போதும். முக்கால்வாசி நிறைந்தால் எட்டரை. 90 சதவீதம் நிறைந்தால் ஐம்பது! இருப்பதைத் தேடும் வேலையும் ஒன்றரையிலிருந்து ஐந்தரைக்கு ஏறுகிறது. வீட்டு அலமாரிக்கு இந்த எண்கள் அப்படியே வராது, ஆனால் வளைவின் வடிவம் இதுதான். ‘நேற்று வரைக்கும் நன்றாகத்தானே இருந்தது, நாலு பொருள் சேர்ந்ததும் ஏன் இப்படிக் குப்பையானது’ என்று குழம்புகிறோமே, அதற்குப் பதில் அந்த வளைவின் கடைசிப் பகுதியில் இருக்கிறது.

காற்றை விரட்டி இடம் பிடிக்கலாமா? கம்பளிகளை உறிஞ்சு பைகளில் போட்டு வாக்யூம் கிளீனர் வைத்தால் கண்ணெதிரே சப்பையாகும். மெஷினின் உறிஞ்சும் வலிமை வளிமண்டல அழுத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு என்று வைத்தாலும், 60க்கு 80 சென்டிமீட்டர் பையின்மேல் வெளிக்காற்று கிட்டத்தட்ட ஒரு டன் எடையாக அழுத்துகிறது. கன அளவு குறையும், கனம் ஒரு கிராம்கூடக் குறையாது. அப்புறம், இறகு அடைத்தவற்றை வருஷக்கணக்கில் அப்படியே வைத்தால் பழையபடி உப்பாமல் போகலாம்.

கனம் என்றதும் தட்டுகளைப் பற்றி ஒரு வார்த்தை. தட்டு முழுக்கச் சீராகச் சுமை இருந்தால் அதன் தொய்வு, நீளத்தை நான்கு முறை ஒன்றோடொன்று பெருக்கிய விகிதத்தில் ஏறும். நீளம் இரட்டித்தால் தொய்வு பதினாறு மடங்கு. பலகையின் தடிமனை இரட்டித்தால் எட்டில் ஒரு பங்காகக் குறையும். தடித்த பலகை வாங்குவதைவிட நடுவில் ஒரு கட்டை முட்டுக் கொடுப்பது லாபம் என்பது இதிலிருந்து தெரியும். மரத்தூள் பலகை என்றால் இன்று நிமிர்ந்து நிற்பது மாதக்கணக்கில் மெல்ல மெல்லத் தொய்ந்துகொண்டே போகும்.

எதை எங்கே வைப்பது என்பதற்குப் பெரிய திட்டம் எதுவும் தேவையில்லை என்பதுதான் எனக்கு ஆறுதலான செய்தி. ஜப்பானியப் பொருளாதார அறிஞர் யுகியோ நோகுச்சி காகிதங்களை உறையில் போட்டு அலமாரியில் வரிசையாக நிறுத்தச் சொன்னார். எடுத்த உறையை எங்கிருந்து எடுத்தோம் என்று பார்க்காமல் இடது ஓரத்தில் வை, அவ்வளவே விதி. தொடாதவை தாமாகவே வலது ஓரத்துக்குத் தள்ளப்படும். சோம்பேறித்தனம் போலத் தோன்றுகிறது. ஆனால் எடுத்ததை முன்னுக்குக் கொண்டுவரும் இந்த வழிக்கு ஆகும் தேடல் செலவு, எதிர்காலத்தை முன்கூட்டியே அறிந்து அடுக்குகிறவரின் செலவைப்போல இரண்டு மடங்கைத் தாண்டாது என்று கணினி அறிவியலாளர்கள் டேனியல் ஸ்லீட்டரும் ராபர்ட் டார்ஜானும் 1985இல் கணித ரீதியாகக் காட்டியிருக்கிறார்கள்.

பல்பு டப்பா இப்போது பரணின் முன் விளிம்பில் இருக்கிறது. அதற்கு இடம் விட, மூன்று காலி அட்டைப்பெட்டிகளை மடித்து வெளியே போட்டேன். அவை இருந்த இடம் காலியாகவே இருக்கிறது. அதில் எதை வைக்கலாம் என்று வீட்டில் இதுவரை இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள்.