தொழுநோயில் விரல்கள் ஏன் குறைகின்றன

1940களின் கடைசியில், வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வந்து அதிக காலம் ஆகியிராத அறுவைச் சிகிச்சை நிபுணர் பால் பிராண்ட், செங்கல்பட்டில் இருந்த தொழுநோய் மருத்துவமனையைப் பார்க்கச் சென்றார். தோல்நோய் நிபுணர் ராபர்ட் காக்ரேன் அவரை அழைத்துச் சென்று நோயாளிகளைக் காட்டினார். மடங்கி இறுகிய விரல்களோடு நின்ற ஒருவரிடம், தன் கையைப் பிடித்து அழுத்தும்படி பிராண்ட் கேட்டார். பலவீனமான பிடியைத்தான் எதிர்பார்த்தார். அந்தக் கையோ பிராண்டுக்கு வலிக்கும் அளவுக்கு இறுக்கியது.

தொழுநோய் பற்றிய நவீன புரிதலில் அந்தப் பிடிக்குப் பெரிய இடம் உண்டு. பொருளை இறுக்கிப் பிடிக்கும் வலுவான தசைகள் முழங்கைக்குக் கீழே, முன்கையில் இருக்கின்றன. விரல்களை நீட்டிச் சமன் செய்யும் சிறு தசைகள் உள்ளங்கைக்குள் இருக்கின்றன. அந்த நோயாளியின் சிறு தசைகள் செயலிழந்திருந்தன, முன்கைத் தசைகளோ நல்ல நிலையில் இருந்தன. அப்படியானால் இந்த நோய் கை முழுவதையும் கண்மூடித்தனமாகத் தாக்கவில்லை. குறிப்பிட்ட நரம்புகளை, அவற்றிலும் குறிப்பிட்ட இடங்களில் மட்டும் தாக்குகிறது.

எந்த இடங்களில்? முழங்கையின் உட்புறம் தோலுக்குச் சற்றுக் கீழே ஓடும் அல்நார் நரம்பு, மணிக்கட்டில் உள்ள மீடியன் நரம்பு, முழங்காலுக்கு வெளிப்புறம் எலும்பைச் சுற்றி வளையும் பெரோனியல் நரம்பு, கணுக்காலின் உட்புறமுள்ள டிபியல் நரம்பு, இமைகளை மூடவைக்கும் முக நரம்பின் கிளை. இவை எல்லாமே தோலுக்கு அருகில் இருப்பவை. அதனால் உடலின் ஆழப் பகுதிகளைவிடக் குளிர்ச்சியானவை.

இந்தக் குளிர்ச்சிதான் காரணம். நோயை உண்டாக்கும் மைக்கோபாக்டீரியம் லெப்ரே, 37 டிகிரியைவிடக் குறைந்த, ஏறத்தாழ 30 முதல் 33 டிகிரி வெப்பத்தில் நன்றாக வளர்கிறது. காது மடல், மூக்கு, முழங்கை என உடலின் குளிர்ந்த ஓரங்களில் அது தங்குவதும், அக்குள் போன்ற கதகதப்பான இடங்கள் பெரும்பாலும் தப்பிப்பதும் இதனால்தான்.

விரல்கள் அழுகி உதிர்கின்றன என்ற நம்பிக்கை இன்னும் பலரிடம் இருக்கிறது. இது தவறு. இந்தத் தவறு எத்தனையோ குடும்பங்களைப் பிரித்திருக்கிறது என்பதால் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. விரலைக் கிருமி தின்பதில்லை. வலி தெரியாத விரலை, அன்றாட வாழ்க்கை கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்துவிடுகிறது. துருப்பிடித்த பூட்டைத் திறக்க ஒரு சிறுவன் சாவியைத் திருகியபோது விரல் எலும்புவரை வெட்டுப்பட்டதையும், அவன் அதை உணரவே இல்லை என்பதையும் பிராண்ட் நேரில் கண்டார். அதன் பிறகு அவரும் உடன் பணியாற்றியவர்களும் ஒவ்வொரு புண்ணுக்கும் காரணம் தேடினார்கள். சூடான பாத்திரம், கரடுமுரடான கருவிப்பிடி, செருப்பில் துருத்திய ஆணி, இரவில் தூங்கும்போது கடித்த எலி என்று காரணங்கள் வரிசையாகக் கிடைத்தன. புண்ணில் சாதாரண சீழ்க்கிருமிகள் புகுந்து எலும்பை அரிக்கின்றன. நரம்பூட்டமும் அசைவும் இழந்த எலும்பு தானாகவும் மெலிகிறது. விரல் உதிராமலேயே உள்ளிருந்து குட்டையாகிறது.

கிருமியைக் கண்டறிந்தவர் நார்வேயின் பெர்கன் நகர மருத்துவர் அர்மாவர் ஹான்சன். ஆண்டு 1873. காசநோய்க் கிருமி அடையாளம் காணப்படுவதற்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பே இது நடந்துவிட்டது. ஆனால் ஒன்றரை நூற்றாண்டு கடந்த பிறகும் இதை ஆய்வகத்தில் செயற்கை ஊட்டத்தில் யாராலும் வளர்க்க முடியவில்லை. 1960இல் சார்லஸ் ஷெப்பர்ட், சுண்டெலியின் குளிர்ந்த பாதத்தில் இதைப் பெருக்கிக் காட்டினார். 1971இல், உடல் வெப்பம் குறைவான ஆர்மடில்லோ என்ற ஓட்டு விலங்கு கைகொடுத்தது. கிருமி ஒருமுறை இரண்டாகப் பிரியவே ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும். பல பாக்டீரியாக்களுக்கு அரை மணி நேரம்கூடத் தேவைப்படாத வேலை இது. நோய் வெளிப்படச் சராசரியாக ஐந்தாண்டு, சிலருக்கு இருபது ஆண்டுகூட ஆவதற்கு இந்த மந்தகதியும் ஒரு காரணம்.

2001இல் இதன் மரபணுத் தொகுதி முழுவதும் படிக்கப்பட்டது. அதற்குப் பயன்பட்ட கிருமி தமிழ்நாட்டு நோயாளி ஒருவரிடமிருந்து பெறப்பட்டது. அதனால்தான் அந்த வகைக்கு டி.என். என்று பெயர். படித்துப் பார்த்தபோது வேலை செய்யும் மரபணுக்கள் ஏறத்தாழ 1,600 மட்டுமே இருந்தன. ஆயிரத்துக்கும் மேற்பட்டவை சிதைந்து செயலற்றுக் கிடந்தன. காசநோய்க் கிருமியிலோ சுமார் 4,000 மரபணுக்கள் உள்ளன. தனித்து வாழும் திறனை இழந்து, மனித செல்லுக்குள் வாடகையின்றிக் குடியிருக்கப் பழகிவிட்ட உயிர் இது.

அது விரும்பிக் குடியிருக்கும் செல்களில் முக்கியமானது ஷ்வான் செல். மின்கம்பிமேல் பிளாஸ்டிக் உறை இருப்பதுபோல நரம்பிழைகளைச் சுற்றிப் போர்த்தி, சமிக்ஞை வேகமாகச் செல்ல உதவுபவை இந்தச் செல்கள். இவற்றின் வெளிப்புறம் லாமினின்-2 என்ற புரதம் படிந்திருக்கிறது. அனுரா ராம்புக்கனவும் அவருடைய குழுவினரும் 1990களின் இறுதியில், கிருமி அந்தப் புரதத்தைப் பற்றிக்கொண்டு செல்லுக்குள் நுழைகிறது என்று காட்டினார்கள். கிருமியின் மேற்பரப்பில் உள்ள பி.ஜி.எல்.-1 என்ற கொழுப்புப் பொருள் இதற்கு உதவுவதும் பிறகு தெரியவந்தது.

நுழைவது எப்படி என்று தெரிந்துவிட்டது. ஆனால் நரம்பு பாழாவது எப்படி? இதற்கு ஒரு தெளிவான விடை 2017இல், உடல் கண்ணாடிபோல் தெரியும் வரிக்குதிரை மீனின் குஞ்சுகளிலிருந்து வந்தது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் லலிதா ராமகிருஷ்ணனும் அவருடைய கூட்டாளிகளும் தொழுநோய்க் கிருமியை அந்தக் குஞ்சுகளில் செலுத்தி நுண்ணோக்கியில் பார்த்தார்கள். நம்மைக் காக்க வேண்டிய மேக்ரோஃபேஜ் என்ற விழுங்கு செல்கள், கிருமியை விழுங்கியபின் நரம்பை ஒட்டித் தங்கி நைட்ரிக் ஆக்சைடை உமிழ்ந்தன. அது நரம்பிழைக்கு ஆற்றல் தரும் நுண்ணுறுப்புகளான மைட்டோகாண்ட்ரியாக்களைச் சிதைத்தது, இழையும் உறையும் சேதமாயின. பி.ஜி.எல்.-1 இருப்பதுதான் விழுங்கு செல்களை அப்படித் திருப்பிவிட்டது. மீன் குஞ்சு மனிதர் ஆகாது. மனித நரம்பில் டி செல்கள் என்ற எதிர்ப்பாற்றல் செல்களின் பங்கும் பெரியது. ஆனாலும் நரம்பைக் கெடுப்பதில் நம் சொந்த எதிர்ப்பாற்றலுக்கு எவ்வளவு கை உண்டு என்பதைக் கண்ணால் பார்க்க முடிந்தது பெரிய காரியம் என்றே கருதுகிறேன்.

இதை மனதில் வைத்தால் தொழுநோய்க்கு ஏன் இத்தனை முகங்கள் என்பது விளங்கும். எதிர்ப்பாற்றல் வலுவாக இருப்பவருக்கு ஓரிரு உணர்ச்சியற்ற தேமல்கள் வரும், கிருமி மிகக் குறைவாக இருக்கும், அருகிலுள்ள நரம்பு விரைவில் கெடும். எதிர்ப்பாற்றல் ஏறத்தாழ இல்லாதவருக்குத் தோலெங்கும் கிருமி மண்டியிருக்கும், நரம்புகள் மெதுவாக, ஆனால் பரவலாகக் கெடும். பெரும்பாலோர் இந்த இரண்டு எல்லைகளுக்கும் இடைப்பட்டவர்கள். ரிட்லி, ஜோப்லிங் இருவரும் 1966இல் வகுத்த பிரிவுகள் இந்த அடிப்படையில் அமைந்தவை. தொற்றுக்கு ஆளாகும் மனிதர்களில் மிகப் பெரும்பான்மையினருக்கு இயல்பான எதிர்ப்பாற்றலால் நோயே வருவதில்லை என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும்.

கிருமியைக் கொல்வது இன்று கடினமான வேலை அல்ல. 1940களில் டாப்சோன் வகை மருந்துகள் வந்தன. தனியாகக் கொடுத்ததால் 1960களிலேயே கிருமி அதற்குப் பழகிக்கொண்டது. 1981இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த கூட்டுமருந்துச் சிகிச்சையில் ரிஃபாம்பிசின், டாப்சோன், குளோஃபசிமின் மூன்றும் சேர்கின்றன. கிருமி குறைந்த வகைக்கு 6 மாதம், மிகுந்த வகைக்கு 12 மாதம். மருந்து இலவசம். ரிஃபாம்பிசினின் முதல் வேளையே உயிருள்ள கிருமிகளில் மிகப் பெரும் பகுதியை அழித்துவிடுவதால், சிகிச்சை தொடங்கியவரிடமிருந்து நோய் பரவும் என்ற பயத்துக்கு இடமில்லை. ரிஃபாம்பிசினால் சிறுநீர் சிவப்பாகும். குளோஃபசிமினால் தோல் கருக்கும், மருந்து முடிந்த பின் நிறம் மெல்லத் திரும்பும். இந்தக் கருமையால் அக்கம்பக்கத்தார் கேள்வி கேட்பார்களே என்று மாத்திரையை நிறுத்துகிறவர்கள் உண்டு. முன்கூட்டியே எடுத்துச் சொன்னால் தவிர்க்கக்கூடிய இழப்பு அது.

இனிதான் சிக்கலான பகுதி. கிருமி செத்தாலும் அதன் உடல் உடனே மறைவதில்லை. செத்த கிருமியின் துணுக்குகள் தோலிலும் நரம்பிலும் மாதக்கணக்கில், சிலரிடம் ஆண்டுக்கணக்கில் கிடக்கும். அவற்றைக் கண்டு எதிர்ப்பாற்றல் திடீரெனச் சீறி எழலாம். மருத்துவர்கள் இதை ரியாக்ஷன் என்கிறார்கள். முதல் வகையில் பழைய தேமல்கள் சிவந்து வீங்கும், நரம்பு தடித்து வலிக்கும். நரம்பு இறுக்கமான உறைக்குள்ளும் எலும்பை ஒட்டிய குறுகிய பாதையிலும் ஓடுவதால், உள்ளே வீங்கும்போது விரிய இடமின்றி அதன் இரத்த ஓட்டமே நெரிபடும். சில நாட்களில் கை மடங்கலாம், பாதம் தொங்கலாம். இரண்டாம் வகையில் காய்ச்சலோடு தோலடியில் வலிக்கும் முடிச்சுகள் தோன்றும், கண்ணும் மூட்டும்கூடப் பாதிக்கப்படும். இந்த இரண்டாம் வகைக்கு தாலிடோமைட் நன்கு கேட்கிறது என்பதை ஜெருசலேமில் ஜேக்கப் ஷெஸ்கின் 1960களில் தற்செயலாகக் கண்டார். கருவிலுள்ள குழந்தைகளை ஊனமாக்கிய அதே மருந்து என்பதால் இன்றும் மிகக் கடுமையான கட்டுப்பாட்டோடுதான் தரப்படுகிறது.

ரியாக்ஷன் பெரும்பாலும் சிகிச்சை தொடங்கிய பிறகு வருவதால், மாத்திரைதான் கையை முடக்கியது என்று நோயாளி நம்பிவிடுகிறார். இயற்கையான நினைப்புதான். ஆனால் அப்போது அவர் செய்ய வேண்டியது, மாத்திரையைத் தொடர்ந்தபடி அன்றே மருத்துவமனைக்குப் போவது. வீக்கத்தை அடக்கும் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு, நரம்பு செயலிழந்து ஆறு மாதத்துக்குள் தொடங்கினால் பலருக்குத் தொடுவுணர்வையும் தசை வலிமையையும் மீட்கிறது.

ஸ்டீராய்டின் எல்லை எது என்பதை நேபாளத்திலும் வங்கதேசத்திலும் நடந்த டிரைபாட் ஆய்வுகள் சோதித்தன. நரம்பு கெடுமுன்பே முன்னெச்சரிக்கையாகக் குறைந்த அளவு பிரெட்னிசோலோன் கொடுத்துப் பார்த்தார்கள். கொடுத்த நான்கு மாதங்களில் பலன் தெரிந்தது, ஓராண்டு முடிவில் அந்தப் பலன் நிலைக்கவில்லை. ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டுவரை பழையதாகிவிட்ட பாதிப்புக்குக் கொடுத்தபோதும் மாத்திரை பெற்றவருக்கும், ஒப்பிடுவதற்காக மருந்தில்லாத போலி மாத்திரை பெற்றவருக்கும் வேறுபாடு இல்லை. பின்னர் இந்தியா, நேபாளம், வங்கதேசம், இந்தோனேசியா ஆகிய நாடுகளில் நடந்த டென்லெப் ஆய்வு, 20 வாரச் சிகிச்சையையும் 32 வாரச் சிகிச்சையையும் ஒப்பிட்டது. 2017இல் வந்த முடிவு, நீண்ட சிகிச்சையால் கூடுதல் நன்மை இல்லை என்றது. நீரிழிவு, எலும்புத் தேய்மானம், தொற்று என்று ஸ்டீராய்டு தரும் தொல்லைகளை நினைத்தால், எப்போது நிறுத்தலாம் என்று சொல்லும் ஓர் ஆய்வு நோயாளிக்குப் புது மருந்துக்கு இணையான உதவி.

வட இந்தியாவில் நடந்த இன்ஃபிர் ஆய்வு இன்னொன்றைக் காட்டியது. வழக்கமான பரிசோதனையில் நரம்புப் பாதிப்பு தெரியவருவதற்கு மூன்று மாதம்வரை முன்பே, நரம்பின் மின்கடத்தலும் இளஞ்சூட்டை உணரும் திறனும் குறைந்துவிடுகின்றன. சூட்டுணர்வு குறைவதற்குக் காரணம், மெல்லிய நரம்பிழைகள் தொடக்கத்திலேயே அடிவாங்குவது. வியர்வையையும் அவையே ஆள்வதால் தேமல் வறண்டிருக்கும். தொட்டால் தெரிகிறது, ஆனால் டம்ளரின் சூடு தெரியவில்லை என்ற நிலை இப்படித்தான் வருகிறது. வலியே இல்லாமல் நரம்பு ஓசையின்றி முடங்குவதும் இந்த நோயில் சாதாரணம். ஆகவே நோயாளி முறையிடும்வரை காத்திருக்கும் மருத்துவர் தாமதித்துவிடுகிறார்.

கண்டுபிடிக்கும் கருவியோ மிக எளியது. குறிப்பிட்ட எடையில் வளையும் நைலான் இழையைக் கண்ணை மூடியிருக்கும் நோயாளியின் உள்ளங்கையிலும் பாதத்திலும் தொட்டு, எங்கே தொட்டேன் என்று காட்டச் சொல்வார்கள். உள்ளங்கையில் 2 கிராம், பாதத்தில் 10 கிராம் இழையை உணர முடியாவிட்டால் காக்கும் உணர்வு போய்விட்டது என்று பொருள். இழை இல்லாத ஊரில் பால்பாயிண்ட் பேனா முனையே போதும். சுண்டு விரலை விரிக்க, கட்டை விரலை மேலே தூக்க, பாதத்தை மேல்நோக்கி மடக்க, கண்ணை இறுக மூடச் சொல்லித் தசை வலிமையையும் பார்க்கலாம். மாதம் ஒருமுறை மாத்திரை அட்டை வாங்க வரும்போதே செய்துவிடக்கூடிய சோதனைகள் இவை. அட்டையை மட்டும் நீட்டி அனுப்பும் இடங்களில் கைகள் முடங்குவதைத் தடுக்க வழியில்லை.

முடங்கிய கைக்கு வேலூரில் பிறந்த விடை, அந்த முதல் பிடியிலிருந்தே வந்தது. முன்கையில் நலமாக இருக்கும் ஒரு தசையின் நாணை எடுத்து, நீட்டித்து, விரல்களில் இணைத்தார் பிராண்ட். பாதம் தொங்கினால் காலின் பின்புறத் தசைநாணை முன்பக்கம் திருப்பிக் கட்டுகிறார்கள். தைத்தால் மட்டும் போதாது, மணிக்கட்டை அசைத்துவந்த தசை விரலை நீட்டக் கற்றுக்கொள்ள வாரக்கணக்கில் பயிற்சி வேண்டும். விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்த டாக்டர் மேரி வர்கீஸ், வேலூரில் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே இந்த அறுவைகளைச் செய்தார். வணங்கத்தக்க வாழ்க்கை அது.

அறுவையால் அசைவு திரும்பும், உணர்ச்சி திரும்பாது. எனவே பாதத்தைக் காப்பது தினசரி வேலையாகிறது. உணர்ச்சியற்ற பாதத்தில் புண் ஆறாததற்கு நோயின் சாபம் காரணமில்லை, அதன்மேல் ஓயாமல் நடப்பதுதான் காரணம். வலியிருப்பவர் நொண்டி நடந்து புண்ணுக்கு ஓய்வு கொடுப்பார், இவருக்கு அது தோன்றாது. பாதத்தோடு ஒட்டிய மாவுக்கட்டுப் போட்டு எடையைப் பரப்பினால் அதே புண் ஆறுகிறது. ஆறிய பின், மென்மையான அடியும் உறுதியான மேற்புறமும் கொண்ட எம்.சி.ஆர். (நுண்துளை ரப்பர்) செருப்பு வேண்டும். வேலூரிலும் 1955இல் தொடங்கிய கரிகிரி ஆய்வு மையத்திலும் வளர்ந்த இந்த அறிவை, 1966இல் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போன பிராண்ட் நீரிழிவு நோயாளிகளின் பாதப் புண்ணுக்கும் பயன்படுத்தினார். இன்று நம் ஊர் நீரிழிவு மருத்துவமனைகளில் பாதத்தைத் தொட்டுப் பார்க்கும் அந்த 10 கிராம் இழையும், மாவுக்கட்டும், அளவெடுத்த செருப்பும் தொழுநோயாளிகளிடம் கற்றவற்றோடு நெருங்கிய உறவுடையவை.

2005 டிசம்பரில், பத்தாயிரம் பேருக்கு ஒரு தொழுநோயாளிக்கும் குறைவு என்ற இலக்கை இந்தியா எட்டியது. அதைக் கேட்டு நோயே ஒழிந்துவிட்டது என்று பலர் எண்ணினார்கள். உலகில் இப்போதும் ஆண்டுதோறும் 1.7 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு நோய் புதிதாகக் கண்டறியப்படுகிறது, அவர்களில் பாதிக்கும் மேல் இந்தியர்கள். நோயாளியோடு நெருங்கிப் பழகுகிறவர்களுக்கு ஒரே ஒரு வேளை ரிஃபாம்பிசின் கொடுத்தால், அடுத்த இரண்டு ஆண்டுகளில் அவர்களுக்கு நோய் வருவது ஏறக்குறைய 57 சதவீதம் குறைவதாக வங்கதேசத்தில் 20,000க்கும் மேற்பட்டோரிடம் நடந்த கோலெப் ஆய்வு 2008இல் தெரிவித்தது. 2018இல் உலக சுகாதார நிறுவனம் இதைப் பரிந்துரையாக்கியது. இதைச் செய்ய முதலில் வீடுதேடிப் போய்க் குடும்பத்தார் அனைவரின் தோலையும் நரம்பையும் பரிசோதிக்க வேண்டும். உணர்ச்சியற்ற தேமலோ தடித்த நரம்போ ஏற்கெனவே இருப்பவருக்கு அந்த ஒரு வேளை போதாது, முழுச் சிகிச்சையே தொடங்க வேண்டும்.