மாடு கறக்கிறவர் என்று டாக்டரிடம் சொன்னீர்களா?

கழுத்தில் நெறி கட்டியிருந்தது. முதலில் சொத்தைப்பல்தான் காரணம் என்று பல்லைப் பிடுங்கினார்கள். அப்புறம் சூட்டுக்கட்டி என்று பற்றுப் போட்டார்கள். கட்டி உடைந்து சீழ் வடிந்த பிறகுதான் ஒரு மருத்துவமனையில் ஊசியால் உறிஞ்சி எடுத்துப் பரிசோதித்துக் காசநோய், அதாவது டிபி, என்றார்கள். ஆள் ஒரு பால் பண்ணையில் கறவைக்காரர், முப்பது வயதுகூட ஆகவில்லை. இத்தனை இடங்களில் ஏறி இறங்கியும் "என்ன வேலை செய்யறே?" என்று ஒருவரும் கேட்கவில்லை; இவரும் சொல்லவில்லை. கால்நடை மருத்துவரான என்னிடம் வந்தது கழுத்துக்காக அல்ல, சினை பிடிக்காத ஒரு மாட்டுக்காக. கழுத்தில் சுற்றியிருந்த கட்டுத்துணியைப் பார்த்து நானாகக் கேட்டதில் வெளிவந்த கதை இது.

இவர் ஒருவர்தான் என்றால் நான் எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன்.

மாட்டுக்கும் டிபி வரும். மாட்டிலிருந்து மனிதருக்கும், மனிதரிலிருந்து மாட்டுக்கும் போகும். இதைச் சொன்னால் "என்னங்க டாக்டரம்மா, மாட்டுக்குப் போய் டிபியா?" என்று சிரிக்கிறார்கள். சரி, அவர்களை மட்டும் சொல்லிக் குற்றமில்லை. 1882-ல் டிபி கிருமியைக் கண்டுபிடித்த ராபர்ட் காக்கே, 1901-ல் லண்டன் மாநாட்டில் மாட்டு டிபியால் மனிதருக்குப் பெரிய ஆபத்து இல்லை என்று பேசினார். பிரிட்டிஷ் அரசு ஒரு ஆணையம் போட்டுப் பத்தாண்டு ஆராய்ந்து, அவர் சொன்னது தவறு என்று முடிவுக்கு வந்தது. நூறு வருஷத்துக்கு முன் முடிந்துபோன அந்த விவாதத்தைத்தான் நான் இன்னமும் தொழுவத்தில் நின்றுகொண்டு நடத்திக்கொண்டிருக்கிறேன். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2019-ல் மட்டும் உலகெங்கும் சுமார் 1,40,000 பேருக்கு விலங்கு வழி டிபி வந்தது. இந்தியாவில் பல ஆய்வுகளைத் தொகுத்து 2018-ல் வந்த ஒரு மதிப்பீடு, மாடுகளில் நூற்றுக்கு ஏழுக்கும் மேல் இந்த நோய் இருக்கலாம் என்றது. நாட்டு மாட்டைவிட ஜெர்சி, எச்.எஃப் போன்ற வெளிநாட்டு இனங்களோடு கலந்த மாடுகளில் அதிகம்.

இப்போது எனக்கு உடம்பெல்லாம் எரிகிற விஷயத்துக்கு வருகிறேன். கறந்த சூடு.

"கறந்த சூட்டோட குடிச்சா பாலுக்கு ஒண்ணும் ஆகாதுங்க, அதுவே சூடாத்தானே இருக்கு." பண்ணையாட்களிடம் கேட்டிருக்கிறேன், பேரனுக்கு டம்ளரோடு தொழுவத்துக்கே வரும் தாத்தாக்களிடம் கேட்டிருக்கிறேன், இப்போது 'ஏ2 பால், பச்சையாகக் குடியுங்கள்' என்று விற்கும் படித்தவர்களிடமும் கேட்கிறேன். அந்தச் சூடு எவ்வளவு தெரியுமா? மாட்டின் உடம்புச் சூடு, ஏறக்குறைய 38.5 டிகிரி. ஆய்வகத்தில் டிபி கிருமியை வளர்க்க வேண்டுமென்றால் 37 டிகிரியில் வைப்பார்கள். அதாவது எந்தச் சூட்டில் அந்தக் கிருமி சுகமாக இருக்குமோ, அதே சூட்டில்தான் அது உங்கள் டம்ளருக்கு வருகிறது. அது செத்துப்போகப் பாலை 63 டிகிரியில் அரை மணி நேரமோ, 72 டிகிரியில் 15 விநாடியோ வைக்க வேண்டும். பாக்கெட் பாலுக்குச் செய்வது இதுதான். வீட்டில் தெர்மாமீட்டர் வேண்டாம், பால் பொங்கி வரட்டும். ஓரத்தில் நுரை கட்டியதும் இறக்காமல், நன்றாகப் பொங்கட்டும். அவ்வளவுதான் வேலை.

காய்ச்சினால் சத்துப் போய்விடுமாம். பாலில் நாம் தேடுகிற புரதமும் சுண்ணாம்புச் சத்தும் காய்ச்சியதால் ஓடிவிடுவதில்லை. சில வைட்டமின்கள் கொஞ்சம் குறையும். அதற்கு ஒரு கொய்யாப்பழம் சாப்பிடுங்கள். தயிராக்கினால் புளிப்பில் கிருமி செத்துவிடும் என்பதும் நம்பக்கூடியதல்ல. காய்ச்சிய பாலில் உறை ஊற்றுவது நம் வீடுகளில் பழைய வழக்கம், அதை விடாதீர்கள். "எங்க தாத்தா பச்சைப் பால் குடிச்சுத் தொண்ணூறு வயசு இருந்தார்" என்பவர்களிடம் எனக்கு ஒரே கேள்வி. அந்தத் தாத்தாவின் அண்ணன் தம்பிகளில், சின்ன வயதிலேயே வயிறு வீங்கியோ கண்டமாலை (கழுத்தில் வரும் நெறிக் கட்டி) வந்தோ போனவர் யாராவது உண்டா என்று வீட்டில் கேட்டீர்களா? தொண்ணூறு வரை இருந்தவரைப் பற்றித்தான் கதை சொல்வார்கள்.

பால் வழியாக உள்ளே போகும் கிருமி பெரும்பாலும் நெஞ்சுக்குப் போவதில்லை. கழுத்து நெறி, குடல், வயிறு என்று போய் உட்காரும். அதனால் இருமல் இருக்காது. இருமல் இல்லையென்றால் நம் ஊரில் டிபி என்ற பேச்சே எழாது. கட்டி கரையாமல் இருந்தால், வயிற்று வலியோடு ஆள் இளைத்துக்கொண்டே போனால், சாயங்காலக் காய்ச்சல் விட்டுவிட்டு வந்தால், அப்போதும் டிபியை நினையுங்கள். பிள்ளைகளுக்கும் இதே கதைதான். "பிசிஜி தடுப்பூசி போட்டிருக்கே" என்பார்கள். அது குழந்தைகளுக்கு மூளைக்காய்ச்சல் போன்ற கடும் வகை டிபி வராமல் காக்கத்தான் பெரிதும் உதவும், ஆயுசுக்கும் கவசமல்ல. (மாட்டு டிபி கிருமியைத்தான் 1908-லிருந்து 13 ஆண்டுகள் திரும்பத் திரும்ப வளர்த்து, வீரியம் குறைத்து பிசிஜி செய்தார்கள். மாட்டுக்கு டிபியா என்று சிரிப்பவர்களின் தோளிலேயே மாட்டுக் கிருமியின் தழும்பு இருக்கிறது.)

பாலைக் காய்ச்சிவிட்டோம், முடிந்ததா? வீட்டில் குடிப்பவருக்கு ஏறக்குறைய முடிந்தது. தொழுவத்தில் நிற்பவருக்கு இல்லை. கறவைக்காரர் மாட்டின் விலாவில் தலையை முட்டுக்கொடுத்துக் கறக்கிறார். மருந்து ஊற்ற வாயைப் பிளந்து பிடிக்கிறார், மாடு முகத்திலேயே இருமுகிறது. மூன்று பக்கமும் சுவர், கொசுவுக்காகத் தார்ப்பாய், உள்ளே நெருக்கி நெருக்கி மாடுகள். அந்தக் காற்றைத்தான் நாளெல்லாம் இழுக்கிறார். கசாப்புக்கடையில் நுரையீரலில் சுண்ணாம்புக் கட்டி போன்ற முடிச்சுகளைக் கண்டு, அந்த இடத்தை மட்டும் வெறும் கையால் வெட்டி எறிந்துவிட்டு மீதியைத் தொங்கவிடுகிறவரையும் பார்த்திருக்கிறேன். முகமூடி இல்லாமல் பிரேதப் பரிசோதனை செய்யும் எங்கள் ஆட்களும் இந்த விஷயத்தில் யோக்கியர்கள் இல்லை.

"மாடு நல்லா மினுமினுன்னு இருக்கு, வேளைக்குப் பத்து லிட்டர் கறக்குது" என்பது அடுத்த பதில். நோய் உள்ள மாடு வருஷக்கணக்கில் அப்படியே இருக்கும். இளைத்து, இருமி, நெறி வீங்கித் தெரியும்போது ரொம்பத் தாமதம். கண்டுபிடிக்க ஒரு வழி தோல் பரிசோதனை. ஊசியால் தோலுக்குள் மருந்து ஏற்றி, 72 மணி நேரம் கழித்துத் தடிப்பை அளப்போம். மூன்றாம் நாள் நான் வரும்போது மாட்டை மேய்ச்சலுக்கு ஓட்டிவிடாதீர்கள். அளக்காத பரிசோதனை செய்யாத பரிசோதனைதான்.

பரிசோதனைக்கு ஏன் தயங்குகிறார்கள் என்பது எனக்குப் புரியாமல் இல்லை. சில நாடுகளில் நோய் உறுதியானால் மாட்டைக் கொன்றுவிட்டு உரிமையாளருக்கு இழப்பீடு கொடுப்பார்கள். இங்கே அது நடக்காது. லட்ச ரூபாய் மாட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வார்? அதனால் சந்தைக்கு ஓட்டுகிறார். தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். உங்கள் தொழுவத்து நோயை இன்னொருவர் கடன் வாங்கி விலைக்கு வாங்கிப்போகிறார். தனியாகக் கட்டுங்கள், தனித் தொட்டி வையுங்கள், கடைசியாகக் கறங்கள். அதன் கன்றுக்கு வேறு நல்ல மாட்டின் பாலோ, காய்ச்சி ஆறிய பாலோ கொடுங்கள். அதன் பாலை என்ன செய்வது, மாட்டை என்ன செய்வது என்பதைக் கால்நடை மருத்துவரோடு உட்கார்ந்து பேசி முடிவெடுங்கள். மனிதருக்குக் கொடுக்கும் டிபி மாத்திரையை வாங்கி மாட்டுக்குப் போடுவது மட்டும் வேண்டவே வேண்டாம். மாடு குணமாகாது, மருந்துக்குப் பணியாத கிருமிதான் மிஞ்சும்.

கொட்டகைக்குக் காற்றும் வெயிலும் வேண்டும். நேரடி வெயிலில் இந்தக் கிருமி சீக்கிரம் சாகும். நிழலிலும் சாணத்திலும் வாரக்கணக்கில் தாங்கும். சாணத்தை அள்ளாமல் மேலே பினாயில் தெளித்தால் வாசனைதான் வரும். முதலில் கழுவுங்கள், அப்புறம் ப்ளீச்சிங் பவுடர் கரைசல். புதிதாக வாங்கிய மாட்டைப் பரிசோதிக்காமல் மந்தையில் சேர்க்காதீர்கள். இருமுகிற மாட்டிடம் போகும்போது என்95 மாஸ்க்; தலைத்துண்டை மூக்கில் சுற்றிக்கொள்வது போதாது.

இனி, டாக்டரிடம் நீங்கள் சொல்ல வேண்டிய அந்த ஒரு வார்த்தை. மனித டாக்டரும் மாட்டு டாக்டரும் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்வதில்லை, உங்களுக்காகப் பேசப்போவதும் இல்லை. சளியையோ கட்டியிலிருந்து எடுத்ததையோ மெஷினில் வைத்துப் பார்க்கும் வழக்கமான பரிசோதனை, டிபி குடும்பத்துக் கிருமி என்று மட்டும்தான் சொல்லும். மனிதக் கிருமியா மாட்டுக் கிருமியா என்று பிரித்துச் சொல்லாது. அந்தக் கறவைக்காரருக்கு மாட்டிலிருந்துதான் வந்ததா என்று இப்போது யாராலும் சொல்ல முடியாததற்குக் காரணம் இதுதான். அது ஏன் முக்கியம்? மாட்டுக் கிருமிகளில் 'போவிஸ்' என்ற வகையாக இருந்தால், வழக்கமான நான்கு மாத்திரைகளில் ஒன்றான பைரசினமைடு அதனிடம் வேலை செய்யாது. அதனால் டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்கள் சொல்லுங்கள்: "நான் மாடு கறக்கிறேன், பச்சைப் பால் குடித்திருக்கிறேன்." வீட்டிலோ பண்ணையிலோ யாருக்காவது டிபி என்றால் அதை எங்களிடமும் சொல்லுங்கள். தீவனத் தொட்டி ஓரத்தில் இருமித் துப்புகிறவரிடமிருந்து மாட்டுக்கும் ஒட்டும்.

அரசு மருத்துவமனையில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். சிகிச்சைக் காலத்தில் சத்துணவுக்கென்று மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்குக்கு வரும். 2024 நவம்பருக்கு முன் அது 500-ஆக இருந்தது. கேட்டு வாங்குங்கள். மாத்திரையை நடுவில் நிறுத்தாதீர்கள்.

பண்ணை முதலாளிகளுக்கும் ஒன்று. ஆளுக்கு டிபி என்றதும் கணக்கை முடித்து அனுப்புகிறீர்கள். அதைப் பார்க்கும் அடுத்த ஆள் இருமலை மறைத்துக்கொண்டு உங்கள் மாட்டிடமே போய் உட்காருவான். சரியான மருந்து தொடங்கிச் சில வாரங்களிலேயே பெரும்பாலோரிடமிருந்து நோய் பரவுவது வெகுவாகக் குறைந்துவிடும். வேலைக்கு எப்போது வரலாம் என்பதை டாக்டர் சொல்வார். அதுவரை சம்பளத்தோடு லீவு கொடுங்கள், மாடுகளை நீங்களே கறங்கள், மாஸ்க் போட்டுக்கொண்டு.