லேசர் பிரிண்டரில் தமிழ் எழுத்து ஏன் அடைத்துக்கொள்கிறது?

திரையில் பளிச்சென்று இருந்த கடிதம் காகிதத்தில் வரும்போது ‘ண’வின் சுழி கரும்பொட்டாகிவிடும், ‘கீ’க்கும் ‘கி’க்கும் வித்தியாசம் தெரியாது. பழி உடனே டோனர் மேல் விழும், கார்ட்ரிட்ஜை மாற்றுவார்கள். பெரும்பாலும் மாற்ற வேண்டியது எழுத்துருவைத்தான்.

பிரிண்டருக்குள் சுழலும் டிரம் என்ற உருளையில் லேசர் தொட்ட இடத்தில் டோனர் தூள் ஒட்டுகிறது. அது காகிதத்துக்கு இடம் மாறி, ஃபியூசரின் சூடான உருளைக்கடியில் உருகி அழுந்துகிறது. ஓரங்களில் தூள் சற்றுச் சிதறும். உருகும்போது சற்றுப் பரவும். வரைந்ததைவிடக் கோடு தடிக்கிறது, கோடுகளுக்கு நடுவே உள்ள வெள்ளை அந்த அளவுக்குச் சுருங்குகிறது.

600 டிபிஐ பிரிண்டர் ஓர் அங்குலத்தில் 600 டாட் (புள்ளி) வைக்கும். அங்குலத்தில் 72இல் ஒரு பங்கான ஒரு பாயிண்ட் அதில் எட்டே சொச்சம் டாட். 10 பாயிண்ட் எழுத்துக்குக் கிடைப்பது 83 டாட். ஒரு சுழியின் உள்வெள்ளை அதில் 6 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் 5 டாட் வரும். இருபுறமும் ஒவ்வொரு டாட்டை டோனர் தின்றால் மிச்சம் 3. பழைய 300 டிபிஐ இயந்திரத்தில் மொத்தமே இரண்டரை டாட் என்பதால் சுழி அடைத்தே போகும். மெல்லிய கோட்டின் பாடு வேறு. ஒன்றேகால் டாட் அகலமுள்ள கோடு ஒன்றாகவோ இரண்டாகவோ விழும். ஒரே சொல்லில் ஒரு கால் ஒல்லியாகவும் அடுத்த கால் அதைப்போல் இருமடங்காகவும் நிற்பது இதனால்தான்.

லேசர் பிரிண்டருக்கென்றே எழுத்துரு வரைந்தவர்கள் உண்டு. மேத்யூ கார்ட்டர் 1987இல் பிட்ஸ்ட்ரீம் என்ற எழுத்துரு நிறுவனத்துக்காக வரைந்த சார்ட்டர் என்ற ஆங்கில எழுத்துரு, 300 டிபிஐ பிரிண்டரை மனத்தில் வைத்து உருவானது. மயிரிழைக் கோடே அதில் கிடையாது. தமிழோடு ஆங்கிலம் கலந்து வரும் கடிதத்தில் டைம்ஸ் நியூ ரோமனைவிட அது நன்றாக ஒட்டும். ஜார்ஜியாவும் உறுதியான எழுத்துருதான். ஆனால் அதன் எண்கள் வரிக்கு மேலும் கீழும் ஏறியிறங்கும், பட்டியலுக்கு உதவாது.

‘மெல்லிய கோடு வேண்டாம்’ என்பது ஆங்கிலத்துக்குப் போதுமான அறிவுரை. தமிழுக்கு அது பாதிதான். ண, ஞ, ஐ, ஜ, ஓ, கூ, ளூ, ஸ்ரீ ஆகியவற்றின் உள்வெள்ளை எவ்வளவு அகலம், மெய்யெழுத்தின் புள்ளி உடலைவிட்டு எவ்வளவு விலகி நிற்கிறது, ‘ர’வும் துணைக்காலும் பிரிந்து தெரிகின்றனவா என்று பார்த்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

விண்டோஸின் லதா எழுத்துரு அழகுக்குப் பரிசு வாங்காது. ஆனால் கோடு ஏறக்குறைய ஒரே பருமன், சுழிகள் விசாலம். அலுவலகக் கடிதத்துக்கு 10 பாயிண்ட் போதும். விண்டோஸ் 10இல் அது கண்ணில் படவில்லையென்றால் செட்டிங்ஸில் ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ் பகுதிக்குப் போய் ‘தமிழ் சப்ளிமென்டல் ஃபான்ட்ஸ்’ சேர்த்துக்கொள்ளுங்கள். உடன் வரும் விஜயா அதே அளவில் மிகச் சிறியதாகத் தெரியும். 14 பாயிண்டாவது வையுங்கள். நிர்மலா யூஐ திரைக்காக வரையப்பட்டது, 11க்குக் கீழே நெருக்கியடிக்கும். எங்கள் முதல் தேர்வு நோட்டோ சான்ஸ் தமிழ், 10.5 பாயிண்ட். அதில் பல தடிமன்கள் இருப்பதால் டோனர் மங்கலான இயந்திரத்துக்கு ‘மீடியம்’ எடுத்துக்கொள்ளலாம். ‘லைட்’ பக்கம் போக வேண்டாம். நோட்டோ செரிஃப் தமிழ் புத்தகக் களை தரும், 11க்கு மேல் மட்டும்.

எழுத்துருவைச் சரியாக எடுத்த பிறகும் பலர் கோட்டைவிடுவது போல்டில். மீரா இனிமை, பவனம் போன்றவை ஒரே தடிமனில் கிடைப்பவை. ‘பி’ பொத்தானை அழுத்தினால் வேர்டு இருக்கும் வடிவத்தையே தடவித் தடிப்பாக்கும், உள்வெள்ளை அத்தோடு போச்சு. தலைப்புக்குத் தனியே வரையப்பட்ட போல்டு உள்ள எழுத்துரு வேண்டும். இல்லாவிட்டால் அளவைக் கூட்டுங்கள். சாய்வெழுத்தும் இப்படித்தான் போலியாக உருவாகிறது. சாய்ந்த வளைவுகளின் ஓரம் படிக்கட்டாகத் தெரியும்.

நிறம் முழுக் கறுப்பாகவே இருக்கட்டும். திரையில் கறுப்பாகத் தோன்றும் அடர்சாம்பலைப் பிரிண்டர் நுண்புள்ளிகளாக உடைத்துத்தான் அடிக்கும். எழுத்தின் ஓரம் பிசிறடிக்கும். கருங்கட்டத்தில் வெள்ளை எழுத்து வேண்டுமென்றால் 12 பாயிண்டுக்குக் குறையாமல், போல்டில். டோனர் சேமிப்பு முறை இதற்கு நேர் எதிர்க் கோளாறைத் தரும்: சுழி அடைக்காது, ஆனால் கோடு விட்டுவிட்டு விழும், புள்ளிகள் மறையும். ‘பல’வுக்கும் ‘பல்’லுக்கும் நடுவே இருப்பது அந்தப் புள்ளி ஒன்றுதான்.

வேர்டில் வரி இடைவெளியை ‘எக்ஸாக்ட்லி’ என்று பூட்டினால் ‘கீ’, ‘லீ’ எழுத்துகளின் தலை வெட்டுப்படலாம், ‘மல்டிபிள்’ 1.15 வையுங்கள். கடைக்குப் போவதானால் பிடிஎஃப் ஆக்கி எடுத்துச் செல்லுங்கள். வேர்டு கோப்பாகக் கொடுத்தால் அந்த எழுத்துரு இல்லாத கணினி வேறொன்றைப் போட்டுக்கொள்ளும், பக்கங்கள் ஓடிவிடும்.

காகிதம் சாதாரண வேலைக்கு 75 அல்லது 80 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் எடை), வழவழப்பான பக்கம். சொரசொரப்பான தடித்த காகிதத்தில் டோனர் பள்ளங்களில் ஒட்டாது, விரலால் தேய்த்தால் உதிரும். பிரிண்டர் அமைப்பில் காகித வகையை ‘ஹெவி’ என்று மாற்றினால் ஃபியூசர் அதற்கேற்பச் சூட்டைக் கூட்டியோ வேகத்தைக் குறைத்தோ ஓட்டும்.

முடிவெடுக்கும் முன் ஒரு சோதனைத் தாள் அடியுங்கள். ‘கண்ணன், ஞாயிறு, ஜீவா, கூளம், ஸ்ரீரங்கம், தீர்ப்பு’ என்ற வரியை 8 முதல் 12 பாயிண்ட் வரை, ரெகுலர், போல்டு இரண்டிலும் போடுங்கள். வந்த தாளை ஜெராக்ஸ் எடுத்து, அந்த ஜெராக்ஸை மறுபடி ஜெராக்ஸ் எடுங்கள். சுற்றறிக்கையும் பாடக்குறிப்பும் கடைசியில் அந்த நிலையில்தான் பலர் கைக்குப் போகின்றன. இரண்டாம் நகலில் ‘ண’வின் சுழி திறந்திருக்கும் மிகச் சிறிய அளவு எதுவோ, அதற்கு ஒரு பாயிண்ட் மேலே வைத்துக்கொள்ளுங்கள். கார்ட்ரிட்ஜை ரீஃபில் செய்தால் தூளின் தரம் மாறியிருக்கும், இதே தாளை இன்னொரு முறை அடித்துப் பார்த்துவிடுங்கள்.