கிளட்ச மிதிச்சா சத்தம் நிக்குதா, இல்ல அப்பதான் வருதா?

போடிமெட்டுல 17 கொண்டை ஊசி வளைவு, ஏறும்போது ஃபர்ஸ்ட் செகண்டுலயே மாறி மாறி உருட்டணும், அதனால பூப்பாறை, சாந்தன்பாறை பக்கம் ஏறி இறங்குற வண்டிக எங்க பட்டறைக்கு வந்தாலே பெரும்பாலும் கிளட்ச் இல்லன்னா கியர் பாக்ஸ் கம்ப்ளைண்ட்தான். "சத்தம் வருதுண்ணே"ம்பாங்க. என்ன சத்தம்னு நான் கேக்கறதில்ல, அது ஒவ்வொருத்தர் காதுக்கு ஒவ்வொரு மாதிரி. எப்ப வருதுன்னு சொல்லுங்க, அது போதும்.

வீட்லயே பாக்கலாம். சமதளத்துல நிப்பாட்டி, ஹேண்ட் பிரேக் போட்டு, ஏசி பாட்டு எல்லாம் அணைச்சுட்டு நியூட்ரல்ல ஐடிலிங் விடுங்க. கிளட்ச்ல கால் இல்லாதப்ப கரகரன்னு கேட்டு, மிதிச்சதும் அடங்கிருச்சுன்னா இன்புட் ஷாஃப்ட் (என்ஜின் சுத்துறத கியர் பாக்ஸுக்குள்ள கொண்டு வர்ற தண்டு) பேரிங்க சந்தேகப்படணும், ஏன்னா நியூட்ரல்லயும் அந்த ஷாஃப்ட் சுத்திக்கிட்டேதான் இருக்கும், கிளட்ச மிதிச்சாத்தான் நிக்கும். அப்படியே உல்டாவா, கால எடுத்தா அமைதி, மிதிச்சா கீச்சுனு சத்தம்னா அது ரிலீஸ் பேரிங் (பெடல மிதிச்சா கிளட்ச அழுத்தி விடுவிக்கிற பேரிங்), கியர் பாக்ஸ் மேல பழி போடாதீங்க.

இத நான் அழுத்திச் சொல்றதுக்குக் காரணம் இருக்கு. தோட்டத்துக்கு ஆள் ஏத்துற ஜீப் ஒண்ணுக்கு வேற எடத்துல பாக்ஸயே மாத்தணும்னு சொல்லி அனுப்பிட்டாங்க, அந்தத் தம்பி கடன் வாங்குற நெலமைல வந்தான். எறக்கிப் பாத்தா பாக்ஸ் நல்லாருக்கு. ரிலீஸ் பேரிங்க விரல்ல மாட்டிச் சுத்துனா கிரீஸே இல்லாம மணல் அரைபடுற மாதிரி நறநறங்குது, அது போய் அழுத்துற பிரஷர் பிளேட்டோட விரல் மாதிரி இரும்புப் பட்டை நுனியெல்லாம் தேஞ்சு பளபளன்னு பள்ளம் விழுந்திருக்கு. ஏத்தத்துல வண்டி நிக்கும்போது ஹேண்ட் பிரேக் போடாம அரைக் கிளட்ச்லயே புடிச்சு வச்சிருக்கறது, ஓட்டும்போது பெடல் மேலயே கால வச்சிருக்கறது, ரெண்டும்தான் காரணம். தயவுசெஞ்சு இந்தப் பழக்கத்த விடுங்க.

ஓடும்போது மட்டும் வர்ற சத்தம் வேற கணக்கு. ஒரே ஒரு கியர்ல மட்டும் ஊ...ன்னு அழுதா அந்த கியர் பல்லு. கியர் மாத்துனாலும் மாறாம வேகத்தோடயே கூடி, ஸ்டியரிங்க லேசா ஒரு பக்கம் திருப்பும்போது கூடிக்குறஞ்சா அது வீல் பேரிங். முன் சக்கரம் இழுக்குற கார்ல முழுசா ஒடிச்சுத் திருப்புறப்ப டக்டக்குன்னா ஆக்சில் ஜாயிண்ட். ரிவர்ஸ் போடும்போது கர்ருங்குதா? நிறைய வண்டில ரிவர்ஸுக்கு சிங்க்ரோ (பல்லு மோதாம கியர் வேகத்த ஒண்ணாக்குற அமைப்பு) கிடையாது, கிளட்ச முழுசா மிதிச்சு ரெண்டு மூணு செகண்ட் பொறுத்துப் போடுங்க, அப்பவும் கத்துனா கிளட்ச் முழுசா விடலன்னு அர்த்தம், கேபிள் அட்ஜஸ்ட்மெண்டோ கிளட்ச் ஆயில் லைன்ல காத்தோ பாக்கணும்.

இன்னொண்ணு, கியர் ஆயில். என்ஜின் ஆயில மாத்துறவங்க இத மறந்தே போயிடறாங்க, சீல் கசிஞ்சு கொறஞ்சா பேரிங்தான் மொத பலி. வண்டி மேனுவல்ல ஜிஎல்-4னு (கியர் ஆயிலோட ஒரு தரம்) போட்டிருந்தா கடைக்காரர் சொல்றார்னு ஜிஎல்-5 ஊத்தாதீங்க, சில ஜிஎல்-5 ஆயில் பித்தளை சிங்க்ரோ ரிங்க அரிச்சிரும். பழைய ஆயில எறக்கும்போது பக்கத்துலயே நின்னு டிரெய்ன் பிளக் காந்தத்தப் பாருங்க. மை மாதிரி கருப்புப் பசை இருந்தா சாதாரணம். நகத்துல தட்டுப்படுற அளவுக்கு இரும்புத் துணுக்கு இருந்தா அன்னிக்கே வண்டிய மலையேத்தாம அங்கயே விட்டுட்டுப் போங்க.