லைட் எரியுது, எர்த் இருக்கா?

போன மீன்பிடித் தடைக்காலத்தில் சென்னை காசிமேட்டில் ஒரு மரப்படகுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். "ஜெனரேட்டர் நல்லா ஓடுது, லைட்டெல்லாம் எரியுது. ஃப்ரீசரைத் தொட்டா மட்டும் சுருக்குன்னு இருக்கு, அதைக் கொஞ்சம் பாருங்கண்ணே" என்றார் படகு டிரைவர். கடலில் இருக்கும்போது ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டுதான் அதைத் திறப்பார்களாம். ஜெனரேட்டரை ஓடவிட்டு, அதன் பாடிக்கும் ஃப்ரீசர் பாடிக்கும் நடுவே மீட்டர் வைத்தேன். 140 வோல்ட் காட்டியது.

ஃப்ரீசர் கம்ப்ரசரின் டெர்மினலில் உப்பு ஈரம் இறங்கி, கசிவு ஏற்பட்டிருந்தது. கடலில் இது நடக்கத்தான் செய்யும். அந்தக் கசிவை வாங்கிக்கொள்ள வேண்டிய எர்த் வயர் எங்கே என்று தேடினேன். ஜெனரேட்டரின் காலடியில், பில்ஜ் தண்ணீர் (படகின் அடியில் தேங்கும் நீர்) தெறிக்கும் இடத்தில் அதன் போல்ட் இருந்தது. தொட்டதும் லக் (வயர் நுனியில் போல்ட்டுக்காகப் போடும் உலோக வளையம்) கையோடு வந்துவிட்டது. உள்ளே செம்புக்கு பதிலாகப் பச்சைக் களிம்புதான் இருந்தது.

லைட் வயர் அறுந்தால் லைட் அணையும், உடனே ஆளைக் கூப்பிடுவார்கள். எர்த் வயர் அறுந்தால் ஒன்றுமே ஆகாது. ஃபேன் சுற்றும், ஃப்ரீசர் குளிரும். அன்றாடம் கரண்ட் போகாத வயர் என்பதால் அது செத்தது யாருக்கும் தெரியாது. அதனால்தான் படகில் துருவையும் ஷாக்கையும் நான் தனித்தனி வேலையாகப் பார்ப்பதில்லை.

ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. தெறித்த நீர் காய்ந்தாலும் உப்பு அங்கேயே தங்கி, காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். வீட்டுக்குப் போடும் சாதாரண செம்பு வயரைப் படகில் போட்டால், திரியில் எண்ணெய் ஏறுவதுபோல இழைகளுக்கு நடுவே உப்புநீர் ஏறும். மேலே பிவிசி பளபளவென்று இருக்கும். ஓரடி உரித்துப் பார்த்தாலும் உள்ளே கறுத்திருக்கும். வெள்ளீயம் பூசிய, பல இழை செம்பு வயர்தான் படகுக்குச் சரி. ஒற்றைக் கம்பி வயர் அதிர்விலேயே முறிந்துவிடும். முறுக்கி டேப் சுற்றுவதும் வேண்டாம். வெள்ளீயம் பூசிய லக், அதை வயரோடு நசுக்கிப் பிடிக்க நல்ல கிரிம்பிங் டூல், உள்ளே பசையுள்ள ஹீட் ஷ்ரிங்க் (சூடாக்கினால் சுருங்கி இறுகும் குழாய்), இந்த மூன்றும் போதும். எர்த் போல்ட் போடும் இடத்தில் பெயின்டைச் சுரண்டி உலோகத்தோடு உலோகம் ஒட்ட முடுக்கிவிட்டு, அதற்கு மேல் பூச்சு அடிக்க வேண்டும். பெயின்ட் மேலேயே போல்ட் போட்டுவிட்டு "எர்த் கொடுத்தாச்சு" என்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

அந்தப் படகில் ஆர்சிசிபி, அதாவது கரண்ட் கசிந்தால் தானாகவே லைனைத் துண்டிக்கும் சுவிட்ச், இல்லை. 30 மில்லி ஆம்பியரில் டிரிப் ஆவது ஒன்று போட்டேன். இதிலும் ஒரு ஏமாற்று உண்டு. சின்ன ஜெனரேட்டர்கள் பலவற்றில் நியூட்ரல் பாடியோடு சேர்ந்திருக்காது. அப்படி இருந்தால் ஃபேஸ் பாடியில் பட்டாலும் கரண்ட் திரும்பிப்போக வழியில்லாததால் ஆர்சிசிபி விழாது. ஆனால் டெஸ்ட் பட்டனை அழுத்தினால் விழும்! அந்தப் பட்டன் ஆர்சிசிபியைத்தான் சோதிக்கிறது, உங்கள் எர்த்தை அல்ல. பெரிய கப்பல்களில் நியூட்ரலை வேண்டுமென்றே எர்த் செய்யாமல் விடுவதுண்டு. அங்கே கசிவைக் காட்டும் கருவியும் அதைக் கவனிக்க ஆளும் இருக்கும். நம் படகுகளில் நியூட்ரலையும் எர்த்தையும் ஜெனரேட்டரில் ஒரே ஒரு இடத்தில் சேர்ப்பதுதான் நல்லது. கரை மின்சாரமும் எடுக்கும் படகு என்றால், மாற்றும் சுவிட்ச் நியூட்ரலையும் சேர்த்துத் துண்டிக்க வேண்டும்.

படகின் அடியில் உலோகம் அரிக்காமல் இருக்க மாட்டும் ஜிங்க் (துத்தநாக) கட்டியும் எர்த் வயர் மாதிரியேதான், இணைப்பு விட்டுப்போனால் வெளியே தெரியாது. 1824-இல் ஹம்ப்ரி டேவி பிரிட்டிஷ் கடற்படைக் கப்பல்களின் செம்புத் தகட்டைக் காக்க இரும்புத் துண்டுகளைப் பொருத்திப் பார்த்தார். இரும்பு கரைந்தது, செம்பு பிழைத்தது. ஆனால் செம்பு கரையாததால் பாசியும் சிப்பியும் கப்பலின் அடியில் அப்பிக்கொண்டனவாம். அதே தத்துவத்தில்தான் இன்று ஜிங்க் தன்னைக் கரைத்துக்கொண்டு ஷாஃப்டையும் புரொப்பெல்லரையும் காக்கிறது. பாதி கரைந்தால் மாற்றிவிடுங்கள். பல மாதம் ஓடியும் ஜிங்க் புதுசாகவே இருந்தால் சந்தோஷப்பட வேண்டாம். ஒன்று, யாரோ அதன்மேல் பெயின்ட் அடித்திருப்பார்கள். இல்லையென்றால் அதன் இணைப்பு விட்டுப்போயிருக்கும். கடல்நீரில் குளிரும் ஜெனரேட்டர் என்றால் சூட்டைக் கடல்நீருக்கு மாற்றும் ஹீட் எக்ஸ்சேஞ்சருக்குள்ளும் பென்சில் மாதிரி ஒரு ஜிங்க் இருக்கலாம். அதைப் பலர் கழற்றிப் பார்ப்பதேயில்லை.

ஜெனரேட்டர் வைக்கும் இடத்தைப் பொறுத்தவரை, ஹேட்ச்சுக்கு (மேல்தளத்தில் உள்ள திறப்பு) நேர் கீழே வைக்காதீர்கள். என்ஜின் ரூமைக் குழாய் வைத்துப் பீய்ச்சிக் கழுவுவதையும் விடுங்கள். புகைக்குழாயில் ஓட்டை இருந்தால் கார்பன் மோனாக்சைடு வாசனையே இல்லாமல் படுக்கும் அறைக்குள் வரும்.

கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் படகு சும்மா நிற்கிறது. அந்தச் சமயத்தில் ஜெனரேட்டரில் கரண்ட் உண்டாக்கும் பகுதியான ஆல்டர்னேட்டரை 500 வோல்ட் மெக்கரில் (காப்பு எவ்வளவு நன்றாக இருக்கிறது என்று அளக்கும் மீட்டர்) பாருங்கள். ஒரு மெகா ஓமுக்குக் கீழே இருந்தால் காயவைக்காமல் ஓட்டாதீர்கள். வோல்டேஜைச் சீராக வைக்கும் ஏவிஆரைக் கழற்றிவிட்டு மெக்கர் போடுங்கள், இல்லையென்றால் அது போய்விடும். எர்த் வயரை மல்டிமீட்டரின் பீப் சத்தத்தை மட்டும் நம்பிப் பார்க்காதீர்கள். ஒரே ஒரு இழை மிச்சம் இருந்தாலும் மீட்டர் பீப் அடிக்கும். லக்கைக் கையால் பிடித்து இழுத்துப் பாருங்கள்.