டிஸ்பாரிட்டி: வேறுபாடா, ஏற்றத்தாழ்வா?

கொரோனா பற்றிய அமெரிக்க மருத்துவ ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வரும் சொல் டிஸ்பாரிட்டி (disparity). வைரஸ் ஒன்றுதான். ஆனால் கறுப்பினத்தவரும் ஹிஸ்பானியரும் (ஸ்பானிய மொழி பேசும் நாடுகளை வேராகக் கொண்டவர்கள்) அமெரிக்கப் பழங்குடியினரும் வெள்ளையரைவிட அதிக விகிதத்தில் மருத்துவமனையில் சேர்ந்தார்கள், அதிக விகிதத்தில் இறந்தார்கள். அந்த இடைவெளிக்குத்தான் இந்தப் பெயர்.

லத்தீனில் 'பார்' என்றால் சமம். 'டிஸ்' அதை மறுக்கும் முன்னொட்டு. பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. உடல்நலத் துறையில் அது அழுத்தமாக ஊன்றியது 1985-இல். அமெரிக்கச் சுகாதாரச் செயலர் மார்கரெட் ஹெக்லர் வெளியிட்ட அறிக்கை, சிறுபான்மையினரிடையே ஆண்டுக்கு 60,000 மிகை மரணங்கள், அதாவது வெள்ளையருக்கு உள்ள அதே இறப்பு விகிதம் இருந்தால் நேர்ந்திருக்காத மரணங்கள், நேர்வதாகச் சொன்னது.

தமிழில் பலரும் 'வேறுபாடு' என்று எழுதிவிடுகிறோம். அது போதாது. ஃப்ளூ வந்தால் இளையவரைவிட முதியவருக்கு ஆபத்து அதிகம், அது வேறுபாடு. டிஸ்பாரிட்டி என்னும்போது, தவிர்த்திருக்கக்கூடிய ஒன்று, சமூகம் உண்டாக்கிய ஒன்று என்ற பொருளும் சேர்ந்தே வருகிறது. அதைச் சுமக்கும் சொல் 'ஏற்றத்தாழ்வு'.

லூசியானாவில் ஒரு மருத்துவக் குழுமத்தின் நோயாளிகளில் கறுப்பினத்தவர் 31 சதவீதம்தான். 2020-இல் அங்கே கொரோனாவுக்காக உள்நோயாளியாகச் சேர்ந்தவர்களிலோ அவர்கள் 76.9 சதவீதம், இறந்தவர்களில் 70.6 சதவீதம். சேர்ந்தவர்களின் சமூக நிலையையும் உடல்நிலையையும் கணக்கில் எடுத்துப் பார்த்தபோது, சேர்ந்தபின் இறக்கும் வாய்ப்பு கறுப்பினத்தவருக்குக் கூடுதலாக இல்லை. அப்படியானால் காரணத்தை ரத்தத்திலோ மரபணுவிலோ தேடுவது வீண். வீட்டிலிருந்து செய்யமுடியாத வேலை, நெரிசலான வீடு, காப்பீடு இல்லாமை, கவனிக்கப்படாத சர்க்கரை நோய் என்று மருத்துவமனை வாசலுக்கு வெளியேதான் பெரும்பகுதி கிடக்கிறது.

மருத்துவமனைக்கு உள்ளேயும் ஏற்றத்தாழ்வு இல்லாமலில்லை. விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் கருந்தோலில் ரத்த ஆக்சிஜன் அளவைக் கூட்டிக் காட்டிவிடக்கூடும். கருவி 92 முதல் 96 சதவீதம் வரை காட்டியும் உண்மையில் 88-க்குக் கீழே இருந்த நிலை, 2020-இல் வெளியான ஆய்வொன்றில் வெள்ளையரைவிடக் கறுப்பின நோயாளிகளிடம் ஏறக்குறைய மூன்று மடங்கு அதிகமாகக் காணப்பட்டது. மூச்சுத்திணறலோடு வருபவருக்கு இது உயிர்ப்பிரச்சினை.

அப்புறம், ரேஸ் (race), எத்னிசிட்டி (ethnicity) இரண்டையும் 'இனம்' என்றே எழுதினால் குழப்பம்தான். அமெரிக்கப் பதிவேடுகளில் ஒருவர் எத்னிசிட்டியால் ஹிஸ்பானியராகவும் ரேஸால் கறுப்பினத்தவராகவும் இருக்கலாம். ரேஸை 'இனம்' என்றும் எத்னிசிட்டியை 'இனக்குழு' என்றும் பிரிக்கலாம். ஆய்வுத் தலைப்புகளில் 'இன, இனக்குழு ஏற்றத்தாழ்வுகள்' என்று எழுதினால் பொருள் சரியாக வந்துவிடும்.